வாசகர் கேள்வி: வென்றவர்கள் கொடுத்த இழப்பீடு

கேள்வி: போரில் வென்று விடுதலை பெற்ற ஹெய்ட்டி, தோற்ற பிரான்சுக்கு ஏன் இழப்பீடு கொடுத்தது?

பதில்: கரீபியக் கடல் பகுதியில் பிரான்சின் காலனியாக இருந்த அந்நிலத்தின் கரும்புத் தோட்டங்களில் 1791 ஆகஸ்டில் அடிமைகள் தொடங்கிய கிளர்ச்சி, நெப்போலியன் அனுப்பிய பெரும்படையையும் முறியடித்து, 1804 ஜனவரி 1 அன்று ஹெய்ட்டி என்னும் தனி நாட்டை உருவாக்கியது. ஆனால் அடிமைகளை வைத்திருந்த வல்லரசுகள் அந்நாட்டை அங்கீகரிக்க மறுத்தன. 1825இல் பிரான்சின் பத்தாம் சார்லஸ் மன்னர் போர்க்கப்பல்களை அனுப்பி, அங்கீகாரத்துக்கு விலையாக 15 கோடி பிராங்க் கேட்டார். நிலத்தை மட்டுமல்லாமல், விடுதலை பெற்ற மனிதர்களையும் தோட்ட முதலாளிகள் இழந்த சொத்தாகவே கணக்கிட்ட தொகை அது. இதைவிடக் கொடிய கணக்கு வரலாற்றில் அரிது என்பேன். முதல் தவணைக்கே பிரெஞ்சு வங்கியாளர்களிடம் வட்டிக்குக் கடன் வாங்க நேர்ந்தது. 1838இல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைக்கப்பட்ட போதிலும், அந்தக் கடன்சுமை ஹெய்ட்டி மக்களைத் தலைமுறை தலைமுறையாக அழுத்தியது.