அஞ்சாவது கியர்ல மிதிச்சா கார் ஏன் இழுக்கல? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1.2 லிட்டர் பெட்ரோல் கார் வச்சிருக்கேன் சார். ரெண்டு வழி ரோட்ல முன்னாடி போற லாரிய ஓவர்டேக் பண்ண அஞ்சாவது கியர்லயே ஆக்ஸிலேட்டர முழுசா மிதிக்கிறேன், சத்தம் வருதே தவிர வண்டி எகிற மாட்டேங்குது. டேஷ்போர்டுல இருக்கற அம்புக்குறி 2000 ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு சுத்தற எண்ணிக்கை) வந்ததுமே மேல மாத்துன்னு காட்டுது. ஃப்ரெண்டு ஒருத்தர் டார்க் (இன்ஜினோட சுழற்று விசை) உச்சத்துக்கு வர்ற 4200ல மாத்தினாதான் பிக்கப் கிடைக்கும்ங்கறார். யார் சொல்றது சரி?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: அம்புக்குறி மைலேஜுக்காக வச்சது, நிதானமா போறப்ப அது சொல்றத கேளுங்க, தப்பே இல்ல. ஆனா வண்டி முழு வேகத்துல எகிறணும்னா அந்த அம்புக்குறியும் உதவாது, உங்க ஃப்ரெண்டு சொல்ற 4200ம் சீக்கிரம்தான். டர்போ (இன்ஜினுக்குள்ள காத்த அழுத்தி அனுப்பற கருவி) இல்லாத பெட்ரோல் வண்டிய ரெட்லைன் (ஆர்பிஎம் மீட்டர்ல சிவப்பா போட்டிருக்கற எல்லை) பக்கம் வரைக்கும் இழுத்துட்டுதான் அடுத்த கியர் போடணும்.

ஏன்னா இன்ஜின்ல வர்ற டார்க் அப்படியே டயருக்குப் போறதில்லைங்க, நடுவுல கியர் அத பெருக்கி அனுப்புது, நாம பாக்க வேண்டியது டயருக்கு எவ்ளோ வந்து சேருதுங்கறதத்தான். உதாரணத்துக்கு 2018ல வந்த ஸ்விஃப்ட் பெட்ரோல எடுத்துக்குவோம். 4200 ஆர்பிஎம்ல 113 நியூட்டன் மீட்டர், 6000ல 83 பிஎஸ் (குதிரைசக்தி). கணக்கு போட்டா 6000ல டார்க் 97 கிட்ட இருக்கும், அதாவது உச்சத்தவிட குறைஞ்சுடுச்சு. சரி, குறைஞ்சுடுச்சேன்னு முதல் கியர்லேர்ந்து ரெண்டுக்கு மாத்தறீங்கன்னு வைங்க. முதல் கியர் விகிதம் சுமாரா 3.5, ரெண்டாவது 1.9. முதல் கியர்லயே இருந்தா 97ஐ 3.5ஆல பெருக்கணும், 340 வருது. ரெண்டாவதுக்குப் போனா ஆர்பிஎம் 3300க்கு கீழ விழுந்துடும், அங்க உச்ச டார்க்கே கிடைக்குதுன்னு தாராளமா வச்சாலும் 113 பெருக்கல் 1.9, 215தான். எவ்ளோ வித்தியாசம் பாருங்க! ரெண்டுலேர்ந்து மூணு, மூணுலேர்ந்து நாலு போறப்ப இந்த இடைவெளி குறைஞ்சுக்கிட்டே வரும், ஆனா கீழ் கியர்தான் ஜெயிக்கும். அதனால 6000 தொட்டு, இல்ல அதுக்கு கொஞ்சூண்டு மேல, மாத்துங்க. லிமிட்டர்ல (ஆர்பிஎம் எல்லை தாண்டாம தடுக்கற அமைப்பு) போய் இடிக்க விடாதீங்க, அது பெட்ரோல கட் பண்ணி கட் பண்ணி விடும், வண்டி உதறும், நேரம்தான் வீண்.

இப்ப உங்க லாரிக்கு வருவோம். லாரி 60ல போகுது, நீங்களும் பின்னாடி 60ல. அஞ்சாவது கியர்ல இன்ஜின் வெறும் 1700 ஆர்பிஎம் பக்கம் சுத்துது, அந்த இடத்துல எவ்ளோ மிதிச்சாலும் அது குடுக்கறது 25 பிஎஸ்கூட தேறாது, அதான் வண்டி எகிறல. அதே 60ல மூணாவது கியர்னா 2900 கிட்ட, 45 பிஎஸ் பக்கம் கிடைக்கும். ரெண்டாவதுன்னா 4300, 70 பிஎஸ் பக்கம். கணக்குப்படி ரெண்டாவதுதான் பெஸ்ட், ஆனா நான் அத போடச் சொல்ல மாட்டேன், ஏன்னா ரெண்டாவது கியர் 80, 85லயே முடிஞ்சுடும், சரியா லாரிக்கு பக்கவாட்டுல, எதிர் ட்ராக்ல நிக்கறப்ப நீங்க க்ளட்ச்ச மிதிச்சு கியர் மாத்திக்கிட்டிருப்பீங்க. மூணுல போனா 100 வரைக்கும் லீவர தொடவே வேணாம், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கும். லாரி வால ஒட்டிப் போகாம கொஞ்சம் பின்வாங்கி, எதிர்ல ரோடு காலியா தெரிஞ்சதும் முதல்ல மூணுக்கு இறக்குங்க, அப்புறம் வண்டிய வெளிய எடுங்க. வெளிய எடுத்துட்டு கியர் தேடறதுதான் ஆபத்து, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க.

கேள்வி: எங்கிட்ட இருக்கறது பழைய 1.3 மல்டிஜெட் டீசல். அதையும் ரெட்லைன் வரைக்கும் இழுக்கலாமா? கொல்லிமலை ஏறறப்ப ஒவ்வொரு வளைவுலயும் வண்டி செத்து செத்து எழுந்திருக்குது.
– வாசகி, நாமக்கல்

பதில்: டீசலுக்கு அந்த கணக்கு அப்படியே செல்லாதுங்க. 75 பிஎஸ் வர்ற உங்க இன்ஜினுக்கு டார்க் 190, அதுவும் 2000 ஆர்பிஎம்லயே வந்துடுது, பவர் உச்சம் 4000ல. அதுக்கு மேல மூச்சு வாங்க ஆரம்பிச்சுடும், அப்ப அடுத்த கியருக்குப் போனா ஆர்பிஎம் விழுந்தாலும் டார்க் மலை மாதிரி நிக்கற இடத்துலதான் விழும். அதனால 4000 தாண்டி கொஞ்ச தூரம், 4300 பக்கம் மாத்தினா சரியா இருக்கும், அதுக்கு மேல சத்தம்தான் மிச்சம்.

கொல்லிமலைல 70 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்னுலயும் இதே பிரச்சினை வரும், காரணம் டர்போ. 2000க்கு கீழ ரொம்ப விழுந்துட்டா டர்போவுக்கு போதுமான புகை அழுத்தம் கிடைக்காது, நீங்க மிதிப்பீங்க, ஒரு செகண்ட் ஒன்னுமே நடக்காது, அப்புறம் திடீர்னு இழுக்கும். வளைவுக்குள்ள போனப்புறம் கியர் இறக்காதீங்க, பிரேக் பிடிக்கறப்பவே ரெண்டுக்கு இறக்கிட்டு உள்ள போங்க, ரொம்ப இறுக்கமான வளைவு, ஃபுல் லோடுன்னா முதல் கியர் போட கூச்சமே பட வேணாம். மேல ஏறிவர்ற வண்டிக்குத்தான் வழி விடணும்ங்கறது மலைப்பாதை விதி, ஆனா எதிர்ல இறங்கறவர் விடுவார்னு நம்பி உந்தாதீங்க, வளைவுல ஹாரன் அடிச்சுட்டே ஏறுங்க.

கேள்வி: 6000 வரைக்கும் விட்டா இன்ஜின் போயிடும்னு எங்கப்பா பயப்படறார். உண்மையா?
– வாசகர், தாம்பரம்

பதில்: அப்பாவோட பயம் நியாயமானதுதான், ஆனா அந்த ஆர்பிஎம்ம தாங்கற மாதிரிதான் இன்ஜின செஞ்சிருக்காங்க. ஆயில் அளவு சரியா இருக்கணும், இன்ஜின் சூடாகியிருக்கணும், காலைல ஸ்டார்ட் பண்ணின உடனே மட்டும் விரட்டக்கூடாது. உண்மையா இன்ஜின காலி பண்றது வேற ஒன்னு: வேகமா போறப்ப மூணாவதுலேர்ந்து நாலுக்குப் போக நெனச்சு அவசரத்துல ரெண்டுல தள்ளிட்டு க்ளட்ச்ச விடறது. அப்ப சக்கரம் இன்ஜின சுத்த வைக்கும், பெட்ரோல கட் பண்ற லிமிட்டரால அத தடுக்கவே முடியாது, வால்வு பிஸ்டன்ல இடிச்சு வளையலாம். லீவர முறுக்கிப் பிடிக்காம, உள்ளங்கையால லேசா நேரா தள்ளிப் பழகுங்க.

முழு வேகத்த ரசிச்சுப் பாக்கணும்னு ஆசைன்னா ஓஎம்ஆர் வேணாம் தம்பி. உங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் பக்கத்துலயே இருக்கு, கோவைக்காரங்களுக்கு செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே. ட்ராக் டே (நம்ம சொந்த வண்டிய ட்ராக்ல ஓட்ட விடற நாள்) நடக்கறப்ப ஹெல்மெட் போட்டுக்கிட்டு போங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போங்க.