நாட்குறிப்பா, சிந்தனைக் குறிப்பேடா?

கேள்வி: பி.எட். மாணவர்கள் பள்ளிப் பயிற்சியின்போது எழுதும் சிந்தனைக் குறிப்பேடுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. எப்படி மதிப்பெண் போடுவது?
– விரிவுரையாளர், திண்டுக்கல்

பதில்: ‘இன்று ஒளிச்சேர்க்கை நடத்தினேன், மாணவர்கள் ஆர்வமாகக் கவனித்தார்கள்.’ இது வெறும் நாட்குறிப்பு. 1995-இல் ஹாட்டன், ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் வகுப்பு அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் சிந்தனை எழுத்தை நான்கு படிகளாகப் பிரித்தார்கள்: நடந்ததைச் சொல்வது, காரணம் தேடுவது, வேறு கோணங்களோடு தனக்குள் வாதிடுவது, சமூகச் சூழலோடு சேர்த்துப் பார்ப்பது. பெரும்பாலோர் முதல் படியிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், தினமும் ஒரு பக்கம் கேட்பதுதான். வாரத்துக்கு இரண்டு பதிவு போதும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு நிகழ்ச்சி.

பத்து மதிப்பெண்ணை இப்படிப் பிரிக்கலாம்: விவரிப்புக்கு 2, காரணத்தை ஆராய்வதற்கு 4, மாற்றுக் கோணத்துக்கு 2, அடுத்த வகுப்பில் செய்த மாற்றத்துக்கு 2. ‘பின்வரிசையினர் பதில் சொல்லவில்லை, என் கேள்விகள் எல்லாம் ஆம், இல்லை வகையாக இருந்தன’ என்று எழுதியவருக்குத் தாராளமாகக் கொடுங்கள். தோல்வியை ஒப்புக்கொண்டதற்காக ஒருபோதும் குறைக்காதீர்கள். ஒருமுறை குறைத்தால் போதும், மறுவாரமே வகுப்பு முழுவதும் பொய் எழுதும். எழுத்துப்பிழைக்கும் இங்கே கழிவு வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் மதிப்பெண்ணே கூடாது. ஓரத்தில் ‘ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?’ என்று கேள்வி மட்டும் எழுதுங்கள். குறிப்பேட்டை வாரந்தோறும் வாங்குங்கள். கடைசியில் மொத்தமாக வாங்கினால் ஒரே இரவில் எழுதியதுதான் வரும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து குறிப்பேடுகளைத் தனித்தனியே திருத்தி ஒப்பிடுவது அவசியம். 2 மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அளவுகோலின் சொற்கள் தெளிவாக இல்லை.