எரிபொருள் விலை ஏறும்போது குறைவது எந்த ஓட்டம்?

தினமும் வேலைக்குப் போய்வர 40 கி.மீ. வண்டி ஓட்டுவதாகச் சொல்லி, எரிபொருள் விலை ஏறி இறங்குவது உங்களைப் போன்றவர்களை உண்மையில் எவ்வளவு பாதிக்கிறது என்றும், அதிக மைலேஜ் தரும் வேறு வண்டிக்கு மாறினால் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். 18 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். அவற்றில் கடைசி 11 ஆண்டுகளாக, எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு முறையும் தேதி, லிட்டர், கொடுத்த தொகை, அதுவரை ஓடிய தூரம் ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என் பதிலில் பாதி அந்த நோட்டிலிருந்து வருகிறது.

விலை மாதாமாதம் ஏறிக்கொண்டே போன ஓர் ஆண்டின் முடிவில், அந்த நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். முந்தைய ஆண்டைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே எரிபொருள் வாங்கியிருந்தேன். சிக்கனமாக இருந்திருக்கிறோம் என்று முதலில் மகிழ்ச்சியாகக்கூட இருந்தது. எந்த ஓட்டம் குறைந்தது என்று தேதிகளை வைத்துப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. வேலைக்குப் போய்வந்த தூரத்தில் ஒரு கிலோமீட்டர்கூடக் குறையவில்லை. குறைந்தது, தனியாக வசித்த என் அம்மாவைப் பார்க்கப் போன பயணங்கள். வாரந்தோறும் போய்க்கொண்டிருந்தவன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று ஆகி, பின்னர் மாதம் ஒரு முறை என்று நின்றிருந்தேன். அப்படிச் செய்வதென்று நான் ஒருநாளும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தள்ளிப்போட்டதன் மொத்தக் கணக்குதான் அது.

உங்கள் கேள்விக்கு நான் தரக்கூடிய முதன்மையான பதில் இதில் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டுகிறார் என்பதைப் பெரும்பாலும் அன்றைய எரிபொருள் விலை தீர்மானிப்பதில்லை. எங்கே வீடு பார்த்தார், எங்கே வேலை கிடைத்தது, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்த்தார், எந்த வண்டியை வாங்கினார் என்ற பழைய முடிவுகள் அதை ஏற்கெனவே தீர்மானித்துவிட்டன. அதனால்தான் விலை திடீரென ஏறினாலும் மக்கள் வாங்கும் எரிபொருளின் அளவு உடனே பெரிதாகக் குறைவதில்லை என்று பல நாடுகளில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. கட்டாய ஓட்டம் அப்படியே நிற்க, அதற்கான கூடுதல் பணம் வேறு எங்கிருந்தோ எடுக்கப்படுகிறது. அந்த "வேறு எங்கிருந்தோ" என்பது ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொன்று: சேமிப்பு, மருந்து, வண்டியின் சர்வீஸ், உறவினர் வீட்டுப் பயணம்.

எண்ணாகப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மாத வருமானத்தில் 6 விழுக்காட்டை எரிபொருளுக்குச் செலவிடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விலை 20 விழுக்காடு ஏறினால் அந்தச் செலவு 7.2 விழுக்காடாகிறது. கூடுதல் வெறும் 1.2 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் எல்லாச் செலவும் போக அவரிடம் மாதம் 5 விழுக்காடுதான் மிஞ்சுகிறது என்றால், அந்த மிச்சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடுகிறது. எனவே, எரிபொருள் விலையின் பாதிப்பை வருமானத்தோடு ஒப்பிட்டு அளப்பதைவிட, மாதக் கடைசியில் மிஞ்சும் தொகையோடு ஒப்பிட்டு அளப்பதே சரி என்பது என் கருத்து. மிச்சமே இல்லாதவருக்கு அது நேராகக் கடனாக மாறுகிறது.

ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களின் நிலை இதைவிடக் கடினமானது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் அலுவலகம் போகும் கார்க்காரரைப் பற்றியே பேசி முடித்துவிடுகிறோம். வாடகை வண்டி ஓட்டும் ஒருவருக்கு வரும் வசூலில் 30 விழுக்காடு எரிபொருளுக்கும், 40 விழுக்காடு கடன் தவணை, காப்பீடு, பராமரிப்பு ஆகியவற்றுக்கும் போகிறது, மீதி 30 விழுக்காடு அவர் வீட்டுக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சவாரிக் கட்டணம் மாறாமல் எரிபொருள் விலை மட்டும் 20 விழுக்காடு ஏறினால், எரிபொருளின் பங்கு 36 விழுக்காடாகிறது. வீட்டுக்குப் போவது 24 விழுக்காடாகச் சுருங்குகிறது. அதாவது, எரிபொருள் விலை ஐந்தில் ஒரு பங்கு ஏறியதால் அவருடைய உண்மையான சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. நமக்கு 1.2 விழுக்காடாக வந்த அதே விலையேற்றம் அவருக்கு 20 விழுக்காடாக வருகிறது.

இதைச் சரிக்கட்ட அவருக்கு உள்ள வழி கூடுதல் நேரம் ஓட்டுவது. ஆனால் அதற்கும் எரிபொருள் வேண்டும். சவாரியை இறக்கிவிட்டு அடுத்த சவாரிக்காகக் காலியாகத் திரும்பும் தூரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. அதனால் அவர் காலி ஓட்டத்தைக் குறைக்கப் பார்க்கிறார்; ஊருக்கு வெளியே போகும் சவாரியை ஏற்கத் தயங்குகிறார்; வெயிலில் ஏசி போடச் சொன்னால் முகம் வாடுகிறது. அந்தத் தயக்கத்தைப் பார்த்து அவரைக் கறாரானவர் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் ஒரு காலத்தில் அப்படி நினைத்தவன்தான். மேலே சொன்ன கணக்கை ஓர் ஓட்டுநர் எனக்குப் பொறுமையாக விளக்கிய பிறகு, அந்த எண்ணத்துக்காக இன்றும் வருந்துகிறேன். கட்டணம் எப்போதாவது ஒரு முறைதான் திருத்தப்படுகிறது, எரிபொருள் விலையோ அடிக்கடி மாறுகிறது; இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள காலத்தின் சுமை முழுவதையும் ஓட்டுநரே சுமக்கிறார். கட்டணத்தில் ஒரு பகுதியை எரிபொருள் விலையோடு சேர்த்து ஏறி இறங்கும்படி வைப்பது சரக்குப் போக்குவரத்து ஒப்பந்தங்களில் வழக்கமாகவே இருக்கிறது. அது தனி ஓட்டுநர்களுக்கும் கிடைக்க வேண்டும்.

விலை ஏன் இப்படி ஆடுகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது; இல்லாவிட்டால் "கச்சா எண்ணெய் விலை பாதியாகிவிட்டது, பங்க்கில் ஏன் குறையவில்லை?" என்ற கோபம் தீராது. கச்சா எண்ணெய் பீப்பாய்க் கணக்கில், டாலரில் விற்கப்படுகிறது. ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லிட்டர். 2008 ஜூலையில் ஒரு பீப்பாய் 147 டாலரைத் தாண்டியது. அதே ஆண்டு டிசம்பரில் 40 டாலருக்கும் கீழே விழுந்தது. 2014-இன் நடுவில் 110 டாலருக்கு மேல் இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. 2020 ஏப்ரல் 20 அன்று, பெருந்தொற்றினால் சாலைகள் வெறிச்சோடி, சேமித்து வைக்க இடமில்லாத நிலையில், அமெரிக்க எண்ணெயை மே மாதத்தில் ஒப்படைப்பதற்கான ஒப்பந்தத்தின் விலை பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. எண்ணெயை எடுத்துக்கொள்ள, விற்பவரே பணம் தர வேண்டிய நிலை. அன்றைக்கும் உலகில் எந்த ஓட்டுநருக்கும் பங்க்கில் பெட்ரோலோடு பணம் சேர்த்துக் கொடுக்கப்படவில்லை. ஏனெனில், நாம் கொடுக்கும் விலையில் கச்சா எண்ணெய் ஒரு பகுதி மட்டுமே. சுத்திகரிப்பு, கொண்டுசேர்ப்பு, விற்பவரின் பங்கு, வரி ஆகியவை அதன் மேல் ஏறுகின்றன. லிட்டருக்கு இவ்வளவு என்று வரி நிலையாக விதிக்கப்பட்டு, வரியும் பிற நிலையான செலவுகளும் சேர்ந்து விலையில் பாதியாக இருக்குமானால், கச்சா எண்ணெய் பாதியாகக் குறைந்தாலும் பங்க் விலை நான்கில் ஒரு பங்குதான் குறையும். உள்நாட்டு நாணயம் டாலருக்கு எதிராக 10 விழுக்காடு மதிப்பிழந்தால், எண்ணெய் விலை அசையாமல் இருந்தாலும் வாங்குபவருக்கு அது 11 விழுக்காடு ஏறிவிடுகிறது.

ஏறும்போது வேகமாகவும் இறங்கும்போது மெதுவாகவும் விலை நகர்வதாக ஓட்டுநர்கள் குறைப்படுவது வெறும் மனப்பிரமை அன்று. பிரிட்டனின் பெட்ரோல் விலைகளை ஆராய்ந்து 1991-இல் வெளியிட்ட கட்டுரையில் ராபர்ட் பேக்கன் என்ற பொருளியலாளர் இதற்கு "ராக்கெட்டும் இறகும்" என்று பெயரிட்டார். ராக்கெட் போல மேலே போகும் விலை, இறகு போல அசைந்து அசைந்து கீழே வருகிறது. எல்லா ஊர்களிலும் எல்லாக் காலங்களிலும் இது ஒரே அளவில் காணப்படுவதில்லை என்பதையும் பின்வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

வண்டி ஓட்டும் முறையில் மிச்சம் பிடிக்க முடியாதா என்றால், முடியும், ஆனால் அளவாகத்தான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு (வேகத்தை அதே வேகத்தால் பெருக்கிய அளவுக்கு) ஏற்ப ஏறுவதால், நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்துக்குப் பதில் 100-இல் போனால் அந்த எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. 1973-இல் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதற்கு விதித்த தடைக்குப் பின் அமெரிக்கா நாடு முழுவதும் வேக வரம்பை மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கி.மீ. ஆகக் குறைத்ததற்கு இதுவே காரணம். டயரில் சரியான காற்று, தேவையற்ற பாரத்தை இறக்குதல், நிற்கும்போது என்ஜினை அணைத்தல் ஆகியவை சிறிய சேமிப்புகள், செய்யுங்கள். மலிவான பங்க்கைத் தேடி அலைவதை மட்டும் கணக்குப் போட்டுச் செய்யுங்கள். விலை 2 விழுக்காடு குறைவான இடத்தில் 35 லிட்டர் நிரப்பினால் மிஞ்சுவது 0.7 லிட்டரின் விலை. லிட்டருக்கு 14 கி.மீ. தரும் வண்டி என்றால், அங்கே போக 5 கி.மீ., திரும்ப 5 கி.மீ. என்று ஆனவுடன் அந்த மிச்சம் தீர்ந்துவிடுகிறது.

இனி வண்டியை மாற்றும் கேள்வி. இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்ற அளவு நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது. ஆண்டுக்கு 10,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 10 தருவதிலிருந்து 12 தருவதாக மாறினால், 1,000 லிட்டர் 833 லிட்டராகிறது. 20 தருவது 30 தருவதாக மாறினால், 500 லிட்டர் 333 லிட்டராகிறது. முதலில் உயர்வு 2, அடுத்ததில் உயர்வு 10. இரண்டிலும் மிச்சம் அதே 167 லிட்டர். ரிச்சர்ட் லேரிக், ஜாக் சோல் ஆகிய இரு ஆய்வாளர்களும் 2008-இல் சயன்ஸ் இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். ஆகவே மைலேஜை நேரடியாக ஒப்பிடாமல், ஆண்டுக்கு எத்தனை லிட்டர் என்று மாற்றி ஒப்பிடுங்கள். மைலேஜ் மிகக் குறைந்த பழைய வண்டியைச் சற்று நல்ல வண்டியாக மாற்றுவதில் கிடைக்கும் பலன், ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் வண்டியை இன்னும் சிறந்ததாக மாற்றுவதில் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வண்டி வாங்கும் நேரம்தான் எரிபொருள் விலைக்கு நாம் உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய நேரம் என்பதற்கு வரலாற்றிலும் சான்று இருக்கிறது. 1973 அதிர்ச்சியை அடுத்து 1975-இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், புதிய கார்களின் சராசரி மைலேஜ் 1985-க்குள் கேலனுக்கு 27.5 மைலாக, அதாவது லிட்டருக்குச் சுமார் 11.7 கி.மீ. ஆக வேண்டும் என்றது. ஓட்டுநர்களைக் குறைவாக ஓட்டச் சொல்வதைவிட, அவர்கள் வாங்கப்போகும் வண்டியை மாற்றுவது நீடித்த பலன் தந்தது.

உங்கள் 40 கி.மீ. என்பது ஆண்டுக்கு 250 வேலை நாள் என்று கொண்டால் 10,000 கி.மீ. உங்கள் வண்டி இப்போது உண்மையில் தரும் மைலேஜை, விளம்பரத்தில் சொன்னதை அல்ல, நான்கைந்து முறை டேங்க்கை முழுதாக நிரப்பி ஓட்டிக் கண்டுபிடியுங்கள். புதிய வண்டியால் ஆண்டுக்கு எத்தனை லிட்டர் மிஞ்சும் என்று பாருங்கள். அந்த லிட்டரை இன்றைய விலையால் மட்டும் பெருக்காமல், இன்றையதைவிட 30 விழுக்காடு குறைந்த விலையாலும் 30 விழுக்காடு கூடிய விலையாலும் பெருக்குங்கள். வண்டியை வைத்திருக்கப்போகும் ஆண்டுகளுக்குள் இரண்டுமே வந்துபோகக்கூடும். குறைந்த விலையிலும் அந்தச் சேமிப்பு, மாற்றுவதற்கான கூடுதல் செலவை ஈடுகட்டினால் தயங்காமல் மாற்றுங்கள். கூடிய விலையில் மட்டுமே ஈடுகட்டினால், இருக்கும் வண்டியை நன்றாகப் பராமரித்து ஓட்டுங்கள். அதோடு, வாரத்தில் ஒரு நாளாவது யாரோடாவது ஒரே வண்டியில் வேலைக்குப் போக முடியுமா என்று பாருங்கள். ஒரு நாள் தவிர்த்தாலே வேலைக்கான எரிபொருளில் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சுகிறது. நான் அப்படித்தான் செய்தேன். அந்த மிச்சத்தை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி, அம்மாவைப் பார்க்கப் போகும் பயணத்துக்கென்று ஒதுக்கிவைத்தேன்.