குறைந்த கிராம் எது என்று தேடும் மாணவர்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். சமன்பாடுகளை எப்படியோ சமன் செய்துவிடும் மாணவர்கள், வினைக் கட்டுப்பாட்டுக் காரணி (முதலில் தீர்ந்து வினையை நிறுத்திவிடும் பொருள்) எது என்று கேட்டால், கிராமில் எது குறைவோ அதையே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?

பதில்: அந்த ‘எப்படியோ’வில்தான் சிக்கல் தொடங்குகிறது. வாய்பாட்டுக்கு முன்னால் இடும் எண், வினையில் ஈடுபடும் துகள்களின் விகிதம் என்பது பதியாமல், இருபுறமும் சரிக்கட்டும் உத்தியாக மட்டுமே அதைப் பார்த்துப் பழகிய மாணவர், பின்னர் அதைக் கிராமோடு குழப்பிக்கொள்வதில் வியப்பில்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராகும் வினையைக் கொடுத்தால், நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்குக் கீழே 2 எழுதி முடித்துவிடுவோர் உண்டு. அதை அடித்துவிடாமல், “இது திருப்பூர்ப் பக்கம் துணி வெளுக்கப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு, இதைக் குடிப்பாயா?” என்று கேளுங்கள். கீழுள்ள எண்ணை மாற்றினால் பொருளே மாறிவிடும் என்பது அதன்பின் மறக்காது.

அடுத்து பனியன் கணக்கு. 40 உடல் துண்டுகளும் 60 கைத் துண்டுகளும் இருந்தால் 30 பனியன்தான் தைக்க முடியும். எண்ணிக்கையில் அதிகமான கைதான் முதலில் தீர்கிறது. இதே போக்கில் அம்மோனியாவுக்கு வாருங்கள். (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு.) 1 மோல் நைட்ரஜனுக்கு 3 மோல் ஹைட்ரஜன் தேவை என்பதால், 1 மோல் நைட்ரஜனோடு 2 மோல் ஹைட்ரஜன் இருந்தால் தீர்வது ஹைட்ரஜனே. ஒவ்வொரு பொருளின் மோலையும் அதன் முன்னெண்ணால் வகுத்து, சிறியதைத் தேர்ந்தெடுக்கும் வழியை இங்கே சொல்லலாம். இதற்கு முன் சொன்னால் அது இன்னொரு மனப்பாடச் சூத்திரமாகிவிடும்.

கிராம் மயக்கத்தைத் தீர்க்கச் செய்முறையே வேண்டும். நான்கு பாட்டில்களில் 5 சதவீத வினிகரை 60 மில்லி வீதம் ஊற்றுங்கள்; ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 3 கிராம் அசிட்டிக் அமிலம், அதாவது 0.05 மோல் இருக்கும். (கடையில் 4 சதவீதம்தான் கிடைத்தால் 75 மில்லி.) பலூன்களில் முறையே 2, 3.5, 4.2, 8.4 கிராம் சமையல் சோடா போட்டு, பாட்டில் வாயில் மாட்டி, ஒரே நேரத்தில் நிமிர்த்தச் சொல்லுங்கள். சோடாவின் மோல் நிறை (ஒரு மோலின் நிறை) 84 கிராம் என்பதால் 4.2 கிராமும் 0.05 மோலே; அமிலமும் சோடாவும் மோலுக்கு மோல் சமமாகவே வினைபுரியும். மூன்றாவது பலூனும் நான்காவதும் ஏறக்குறைய ஒரே அளவுக்கே உப்பும். நான்காவதில் மேலும் வினிகர் விட்டால் மீண்டும் நுரைக்கும்.

நீங்கள் நிறுத்திப் பேச வேண்டியது இரண்டாவது பாட்டிலில். அதில் 3.5 கிராம் சோடாவும் 3 கிராம் அமிலமும் இருந்தும், கிராமில் கூடுதலான சோடாவே தீர்ந்திருக்கும். ஒரு சிட்டிகை சோடா சேர்த்தால் நுரைப்பதே அதற்குச் சான்று. தேர்வுக்குக் கணக்கு அமைக்கும்போதும், பாதிக்கு மேற்பட்ட கணக்குகளில் கிராமில் கூடிய பொருளே முதலில் தீரும்படி எண்களைக் கொடுங்கள். இல்லையேல் தவறான வழியில் போனவருக்கும் சரியான விடையே கிடைத்துவிடும்.