நல்ல இதயம் உள்ளவர் புரோப்ரனலால் போட்டால் என்ன ஆகும்?

மேடை நடுக்கத்துக்காக, அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் புரோப்ரனலால் மாத்திரையை 40 மி.கி. போட்டால் நல்ல இதயம் கெட்டுவிடுமா என்பது கேள்வி. கெடாது. ஆனால் அதன் வேகத்துக்கு ஓர் உச்சவரம்பு விழும்.

பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் இதயத்தில் வந்து ஒட்டும் இடங்களான பீட்டா-1 ஏற்பிகளை மாத்திரை அடைத்துக்கொள்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயத்தை ஆள்வது பெரும்பாலும் அதை மெதுவாக்கும் வேகஸ் நரம்புதான்; அதனால் நாடித்துடிப்பு ஓரளவே குறையும். வித்தியாசம் ஓடும்போதுதான் தெரியும்: நிமிடத்துக்கு 180 வரை போகும் துடிப்பு 140-ஐத் தாண்டத் திணறும். ஒவ்வொரு துடிப்பிலும் சற்றுக் கூடுதல் ரத்தத்தைத் தள்ளி இதயம் ஈடுகட்டப் பார்க்கும், முழுதாக முடியாது. கால் சீக்கிரம் சோரும். நாடியை எண்ணி உடற்பயிற்சி செய்பவருக்கு அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

விழுங்கிய 1 முதல் 3 மணி நேரத்தில் மருந்தின் வேலை உச்சம். கை நடுக்கம் குறைவது தசையில் உள்ள இன்னொரு வகை ஏற்பியான பீட்டா-2 அடைபடுவதால். துப்பாக்கி சுடுதலில் இந்த மருந்துக்குத் தடை இருப்பது சும்மா இல்லை. அதே பீட்டா-2 மூச்சுக்குழாயிலும் உண்டு. ஆஸ்துமாக்காரர் தொடவே கூடாது.

வாரக்கணக்கில் தினமும் போட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அடைபட்டதை ஈடுகட்ட உடல் பெருக்கியிருக்கும் ஏற்பிகளால் படபடப்பு எகிறும். மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.