கோடையில் குளிர்ந்த சூப்பை வீட்டிலேயே சுவையாகச் செய்வது எப்படி?

வழக்கமான சூடான சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் குளிர்ந்த சூப் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். சூட்டில் உருகி மணம் தந்த வெண்ணெய் குளிரில் உறைந்து அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எலும்பு வேகவைத்த சாறு கூழாக இறுகிவிடும். அதைவிட முக்கியமானது நாக்கின் இயல்பு. இனிப்பை உணர்த்தும் நரம்புச் சமிக்ஞை குளிரில் வலுக்குறைவதால், வெதுவெதுப்பாக இருக்கும்போது இனிக்கும் தக்காளிச் சாறு குளிர்ந்தபின் வெறும் புளிப்பாகத் தெரியும். மணமும் குறைவாகவே எழும். ஆகவே உப்பையும் புளிப்பையும் இறுதியாகச் சரிபார்ப்பது, சூப் முழுவதும் குளிர்ந்த பிறகே நடக்க வேண்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

முதன்முறையாகச் செய்பவருக்கு நான் பரிந்துரைப்பது, ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் உருவான கஸ்பாச்சோ. இதற்கு அடுப்பே தேவையில்லை. நன்கு பழுத்த தக்காளி 1 கிலோ, தோல் சீவிய சிறிய வெள்ளரிக்காய் ஒன்று, குடைமிளகாய் பாதி, ஒரு பல் பூண்டு ஆகியவற்றை நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்புச் சேர்த்துப் பிசறி, அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். உப்பு காய்களிலிருந்து நீரை வெளியே இழுப்பதால், வேறு தண்ணீர் ஊற்றாமலேயே அரைக்கப் போதுமான சாறு கிடைக்கும். அந்தச் சாற்றில் ஓரம் நீக்கிய பழைய ரொட்டித் துண்டு ஒன்றை ஊறவைத்து, எல்லாவற்றையும் மிக்ஸியில் அரைத்துக்கொண்டே 75 மில்லிலிட்டர் ஆலிவ் எண்ணெயை மெல்லிய தாரையாக ஊற்றினால், சிவப்பு நிறம் வெளிறி ஆரஞ்சாக மாறுவதைப் பார்க்கலாம். எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். ரொட்டி தேவையில்லை என்று சொல்வோர் உண்டு, ஆனால் அதைத் தவிர்த்தால் சிறிது நேரத்தில் நீர் தனியாகப் பிரிந்து நிற்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. அரைத்ததை வடிகட்டி, இரண்டு மேசைக்கரண்டி வினிகரில் பாதியை மட்டும் இப்போது சேர்த்து, குறைந்தது 3 மணி நேரம் குளிரவைத்துவிட்டு, மீதியைச் சுவை பார்த்துச் சேர்க்கலாம்.

தக்காளியை அரைப்பதற்கு முன் நாட்கணக்கில் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கக் கூடாது. ஏறக்குறைய 12 பாகை செல்சியஸுக்குக் கீழே பல நாட்கள் இருந்தால், மணத்தைத் தரும் சேர்மங்களை உருவாக்கும் திறனை அது இழந்துவிடுகிறது. வேகவைக்காத சூப்பில் அந்தக் குறையை மறைக்க எதுவும் இருக்காது.

இதைவிட எளிது பல்கேரியாவின் தரத்தோர். தயிரைக் கடைந்து நீர் விட்டுத் தளர்த்தி, பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், நசுக்கிய பூண்டு, சதகுப்பை இலை, அக்ரூட் பருப்பு ஆகியவற்றைச் சேர்த்தால் போதும்.

வேகவைத்துக் குளிரவைக்கும் வகைக்கு எடுத்துக்காட்டு விஷிஸ்வாஸ். நியூயார்க்கின் ரிட்ஸ்-கார்ல்டன் ஓட்டலில் பணியாற்றிய பிரெஞ்சு சமையல் கலைஞர் லூயி தியா, சிறுவயதில் வீட்டில் உண்ட உருளைக்கிழங்கு, லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் போன்ற காய்) சூப்பை நினைத்து இதை உருவாக்கியதாகச் சொல்லப்படுகிறது. உருளைக்கிழங்கை மிக்ஸியில் நெடுநேரம் ஓட்டினால் மாவுச்சத்து வெளியேறிப் பசைபோல் ஆகிவிடும் என்பதால், சல்லடையில் மசித்து எடுப்பதே நல்லது. குளிரக் குளிர இது கெட்டியாகும். எனவே அடுப்பிலிருந்து இறக்கும்போது வேண்டியதைவிடச் சற்று நீர்த்தே இருக்கட்டும். சூடான பாத்திரத்தை அப்படியே பெட்டிக்குள் வைக்காமல், அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, அதைப் பனிக்கட்டி போட்ட நீரில் நிறுத்திக் கிளறி ஆறவிட்டு, 2 மணி நேரத்துக்குள் குளிர்பதனத்தில் சேர்த்துவிட வேண்டும்.

பரிமாறும்போது சூப்பில் பனிக்கட்டி போட வேண்டாம். அது உருகி, கவனமாகச் சரிசெய்த உப்பையும் புளிப்பையும் நீர்க்கச் செய்துவிடும். கிண்ணங்களை முன்னதாகக் குளிரவைத்தால் போதுமானது. பச்சைப் பூண்டு சேர்த்த சூப்பில் மறுநாள் பூண்டின் காரமே மேலோங்கும் என்பதால், அதை அன்றன்றைக்கு வேண்டிய அளவில் செய்வதே சிறந்தது.