மீனுக்கு முதல் பக்டீரியா: ரீச்சர் பதில்கள்

கடல் மீன்தொட்டி பற்றிப் போன இதழில் நாலு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன். நீலக் கல், வாயைத் திறந்து மூடும் முதலைப் பொம்மை பற்றிக் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம். அவை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கோப்பாய் வாசகர்: ரீச்சர், மூன்றடித் தொட்டி வாங்கி, கடல் தண்ணீர் நிரப்பி, பில்டர் பூட்டி இரண்டு நாள் ஓடவிட்டேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. ‘இனி விடலாம்’ என்று கடைக்காரர் சொன்னார். விட்ட ஐந்து கோமாளி மீனும் ஒரு கிழமைக்குள் செத்துவிட்டன. தண்ணீரில் ஏதும் கிருமியா?

கிருமி இல்லாததால்தான் செத்தன, தம்பி. மீனின் செவுளில் இருந்தும், கழிவில் இருந்தும், தின்னாமல் விட்ட சாப்பாட்டில் இருந்தும் அமோனியா வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறம் கிடையாது. மீனைக் கொல்லும் அளவு சேர்ந்தாலும் உங்கள் மூக்குக்குத் தெரியாது. கடலில் ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக மாற்றும், இன்னொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக மாற்றும். கடைசியில் வரும் நைத்திரேற்று அமோனியா அளவுக்குக் கேடில்லை. இவை பெரும்பாலும் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை. புதுக் கண்ணாடிப் பெட்டியில் இவை பேருக்குத்தான் இருக்கும். பால் திரைய வைக்கும் பக்டீரியா போல வேகமாகப் பெருகுவதுமில்லை; ஒன்று இரண்டாக அரை நாள், சிலவேளை ஒரு நாளே எடுக்கும்.

நன்னீர்த் தொட்டி வைத்திருந்தவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அங்கே இரண்டு நாளில் மீன் விட்டும் தப்பியிருக்கலாம். கடல் நீரின் பீஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 8.2 அளவில் இருக்கும், நன்னீரில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. பீஎச் ஒன்று ஏறினால் அமோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்டப் பத்து மடங்காகும். சூடு அதை இன்னும் கூட்டும். எங்கள் ஊர்ச் சூட்டைக் கேட்கவா வேண்டும்?

சரி, என்ன செய்வது? கல்லும் மணலும் போட்டு, பம்பை ஓடவிட்டு, மீன் இல்லாமலே அமோனியா கொடுங்கள். மூன்றடித் தொட்டியில் கல், மணல் போக ஏறக்குறைய 150 லீற்றர் தண்ணீர் நிற்கும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் அமோனியா வர, சுத்தமான அமோனியம் குளோரைட்டு ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாகப் போதும். அது கிடைக்காவிட்டால் சந்தையில் ஒரு றால் வாங்கி, பழைய ஸ்ரொக்கிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள். வேலை நடக்கும். மணத்துக்கு வீட்டுக்காரரிடம் நீங்களே பதில் சொல்லிக்கொள்ளுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர் இருந்தால், அவருடைய தொட்டியில் இருந்து ஒரு சிறு கல்லை ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். பாலுக்கு உறைமோர் மாதிரி அது. போத்தலில் விற்கும் பக்டீரியாவும் உதவும், காலாவதித் திகதியைப் பார்த்து வாங்கினால். நன்னீர்த் தொட்டி ஸ்பொஞ்சு இதற்குச் சரிவராது.

இனிச் சோதனைக் கிற். குழாயில் தண்ணீர் எடுத்துத் துளி விட்டு, சொன்ன நேரம் வரை பொறுத்து, வெள்ளைக் கடதாசிக்கு முன்னால் பிடித்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் என்றால் அமோனியா இல்லை. பச்சை கூடக் கூட அமோனியா கூட. மஞ்சள் பல்ப்புக்குக் கீழே பார்த்தால் எல்லாம் ஒரே நிறமாகத்தான் தெரியும். முதலில் அமோனியா ஏறும். பிறகு அது இறங்க நைத்திரைற்று ஏறும். அப்புறம் அதுவும் இறங்கும். நைத்திரைற்று நிற்கும்போது நைத்திரேற்றுச் சோதனை பொய்யாகக் கூட்டிக் காட்டும், அதை அப்போது நம்பாதீர்கள். லீற்றருக்கு 2 மில்லிகிராம் வர அமோனியா போட்டு, மறுநாள் அதே நேரத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் என்றால் தொட்டி தயார். வழக்கமாக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை லைற் போட வேண்டாம், பாசிக்குத்தான் கொண்டாட்டம். முடிந்ததும் பாதித் தண்ணீரை மாற்றி, ஒன்று அல்லது இரண்டு மீன் விடுங்கள். ஐந்தை ஒரேயடியாக விட வேண்டாம்.

ஆனைப்பந்திச் சகோதரி: பண்ணைக் கடல் வீட்டுக்குப் பக்கத்தில். அந்தத் தண்ணீரையே எடுக்கலாமா? இல்லாவிட்டால் ஆனையிறவு உப்பைக் கரைத்தால் என்ன?

இரண்டும் வேண்டாம். பண்ணையில் நிற்பது களப்புத் தண்ணீர். ஆழமில்லாததால் கோடையில் வெளிக் கடலை விட உப்புக் கூடும், மாரி மழைக்கு இறங்கிவிடும், நகரத்து வாய்க்கால் தண்ணீரும் அதற்குள்தான் வருகிறது. வடக்குக் கரையில், துறைமுகத்துக்கும் படகுகள் கட்டும் இடத்துக்கும் விலகி, மழை பெய்து சில நாள் போன பிறகு எடுங்கள். 20 லீற்றர்க் கானில் எட்டுத் தடவை. துணியில் வடித்து, மூடி, இருட்டில் காற்றுப் பம்புடன் இரண்டு கிழமை வையுங்கள். தண்ணீரோடு வந்த மிதக்கும் சிற்றுயிர்கள் பெரும்பாலும் செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். வாடைக் காலத்தில் கடல் கலங்கியிருக்கும், உவர்ப்பும் குறையலாம். ஆகவே ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும். வேண்டியது லீற்றருக்கு 35 கிராம், தன்னீர்ப்பில் (நன்னீரை ஒன்றாக வைத்து ஒப்பிடும் அடர்த்தி) சொன்னால் 1.025 அல்லது 1.026.

ஆனையிறவு உப்பு நல்ல உப்புத்தான், கறிக்கு. உப்பளத்தில் தண்ணீர் வற்றும்போது கல்சியத்தின் பெரும்பகுதி ஜிப்சமாக முதலே படிந்துவிடும். பிறகுதான் சோடியம் குளோரைட்டு பூக்கும். மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரோடு வெளியே போய்விடும். முருகை (பவளம்) தன் எலும்பைக் கட்டுவதற்குத் தேவையானதைக் கழித்துவிட்டு மிஞ்சியதைத்தான் நாங்கள் உப்பு என்று வாங்குகிறோம். தொட்டிக்கு லீற்றரில் 400 முதல் 450 மில்லிகிராம் கல்சியமும், 1300 அளவில் மக்னீசியமும் வேண்டும். கடல் தொட்டிக்கென்று செய்த உப்பில் இவை கலந்தே வரும். விலை கூடத்தான். கடலுக்குப் போக வழியிருப்பவர்கள் கடலுக்கே போங்கள்.

நெடுந்தீவைப் பூர்வீகமாகக் கொண்ட நல்லூர் வாசகர்: அப்பப்பாவின் வளவு மதில் முழுக்க முருகைக்கல். இடிந்து கிடப்பதில் நாலைக் கொண்டுவந்து தொட்டிக்குள் வைக்கலாமா?

கல்லின் பொருள் சரி, கல்சியம் காபனேற்றுத்தான். ஆனால் எத்தனையோ வருட மாட்டுச் சாணம், குப்பை, தென்னோலைச் சாம்பல் எல்லாம் அந்தத் துளைகளுக்குள் ஊறியிருக்கும். தொட்டிக்குள் போனதும் பொசுபேற்று கசிந்து, பச்சை மயிர்ப் பாசி உங்களைக் கைவிடாது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றி ஊறவைத்துப் பார்க்கலாம். என்னைக் கேட்டால், அந்த மதில் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அதைப் பார்க்கத்தானே போகிறார்கள்.

இதே கடிதத்தில் கடலுக்குள் இருந்து ‘உயிர்க் கல்’ (பக்டீரியாவும் சிற்றுயிர்களும் ஒட்டிய கல்) எடுத்துத் தரும் ஆள் ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். கடலில் முருகைக்கல் எடுப்பது இலங்கையில் குற்றம். உயிருள்ள கல் முருகைகள் தாவர விலங்கினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. 1998இலும் 2016இலும் கடல் சூடாகி முருகைகள் வெளிறியதில் தப்பியது கொஞ்சம்தான். அதையும் பெயர்த்து வரவேற்பறையில் வைக்கத் தேவையில்லை. கடையில் விற்கும் காய்ந்த கல்லோ, வார்த்த கல்லோ போதும். பக்டீரியாவுக்கு ஒட்ட இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சுன்னாகம் வாசகர்: தண்ணீர் குறையக் குறையக் கடல் தண்ணீர் ஊற்றுகிறேன். உவர்ப்பு ஏறிக்கொண்டே போகிறது. கிணற்றுத் தண்ணீர் ஊற்றலாமா?

ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அங்கேயே நிற்கும். நாளுக்கு 3 லீற்றர் கடல் தண்ணீர் ஊற்றினால் 105 கிராம் உப்பைக் கூடப் போடுகிறீர்கள். 150 லீற்றரில் பத்து நாளில் 35 இருந்தது 42 ஆகிவிடும். குறைவதற்கு நன்னீர்தான் ஊற்ற வேண்டும்.

ஆனால் உங்கள் கிணறு வேண்டாம். செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் போடும் உரம் கீழே உள்ள சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள்ளால் கிணற்றுக்கு வந்துவிடும். வலிகாமத்தில் சில கிணறுகளில் நைத்திரேற்று, குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொன்ன லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டி இருக்கிறது. முருகைத் தொட்டியில் அது பத்துக்குள் நின்றால் நல்லது. ஆர்ஓ தண்ணீர் வாங்குங்கள். வாங்கும் இடத்தில் டிடிஎஸ் மீற்றர் (தண்ணீரில் கரைந்திருப்பதை அளப்பது) வைத்துப் பாருங்கள். பூச்சியத்துக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு நல்லது. குடிக்க ருசியாக இருக்கட்டும் என்று சிலர் தாது சேர்ப்பார்கள், அது வேண்டாம்.

சாவகச்சேரி வாசகர்: சித்திரை வெயிலில் தொட்டி 32 பாகைக்குப் போகிறது. கரண்டும் அடிக்கடி நிற்கிறது.

வேண்டியது 25 முதல் 27. தண்ணீர் மேற்பரப்பில் காற்றுப் படும்படி சின்ன மின்விசிறி ஒன்று வையுங்கள், மூடியை எடுத்துவிட்டு. இரண்டு மூன்று பாகை இறங்கும். காற்றில் ஈரப்பதன் குறைவாக இருந்தால் இன்னும் நன்றாக வேலை செய்யும். அதற்கும் இறங்காவிட்டால் தண்ணீரைக் குளிராக்கும் சில்லர்தான், அல்லது முருகை ஆசையை விட்டு மீன் மட்டும் வைத்திருங்கள். தொட்டியை மேற்குச் சுவரோடு வைத்திருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள்.

கரண்ட் நின்றால் முதலில் தீர்வது பிராணவாயு. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2022இல் ஒரு நாள் 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதே, அந்த நாளில் என் தொட்டியைக் காப்பாற்றியது அதுதான். அந்த நேரம் மீனுக்குச் சாப்பாடு போடாதீர்கள்.

மானிப்பாயில் இருந்து ஒரு பிள்ளை: ரீச்சர், கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி (பூ மாதிரி இருக்கும் அந்தக் கடல் பிராணி) கட்டாயம் வேணுமா?

வேண்டாம், பிள்ளை. கடலில் பெரிய மீன் துரத்தும், அதனால் சாமந்திக்குள் ஒளியும். தொட்டியில் துரத்த ஆளில்லை. கல்லிடுக்கிலோ பம்புக்குப் பின்னாலோ படுத்துக்கொள்ளும். சாமந்தியைப் புதுத் தொட்டியில் வைத்தால் செத்து, தொட்டி முழுவதையும் கெடுக்கும். ஆறு மாதமாவது போகட்டும். மீன் வாங்கும்போது இரண்டாக வாங்கு, ஒன்று மற்றதை விடக் கொஞ்சம் பெரிதாக. கோமாளி மீன் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். பெரியது பெண்ணாக மாறும், சின்னது ஆணாகவே இருந்துவிடும். இரண்டும் ஒரே பருமன் என்றால் யார் பெரியவர் என்று தீரும்வரை சண்டைதான்.